பிலோமி உதைத்த எஸ்டி

பீர்மேட்டிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏறும் சாலையில் கபிரியேலின் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. தேயிலைக் கொழுந்து மூட்டைகளை ஃபாக்டரிக்கு இழுத்துப்போகும் டிராக்டரை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். டிராக்டர் சத்தத்தையும் மீறி, மேட்டில் நிற்பவரோடும் பள்ளத்தில் நிற்பவரோடும் பேசிக்கொண்டே போவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பைபிள் வாசகம் வாசிப்பதும் அவர்தான். சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டாலும் கபிரியேல் ஒரு வரியையும் விடமாட்டார் என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கேலி பேசுவார்கள்.

அவர் மனைவி பிலோமி நேர் எதிர். மலையில் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் நிற்பவளிடம்கூட அதிகம் பேசமாட்டாள். வீட்டில் பேச்சு முழுவதும் அவருடையது, "ம்" மட்டும் அவளுடையது. ஒரே மகள் லிஜி குவைத்தில் ஒரு வீட்டில், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவள் போனில் கூப்பிட்டாலும் முக்கால்வாசி நேரம் பேசுவது கபிரியேலாகத்தான் இருக்கும். கடைசியில் பிலோமியின் கைக்கு வரும்போது, "சாப்பிட்டியாடி?" என்ற ஒரு கேள்விதான் மிச்சமிருக்கும்.

அவரிடம் ஒரு பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள் இருந்தது. இரண்டு பக்கமும் சைலென்சர் வைத்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கல்யாணமான புதிதில், மாற்றலாகிப்போன ஃபாக்டரி ஆபீசர் ஒருவரிடமிருந்து அதை வாங்கினார். பிலோமியைக் குமுளிக்குக் கூட்டிப்போனது, மலையிறங்கிக் கம்பத்தில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனது, லிஜியை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போனது எல்லாம் அதில்தான். வேறு யாரும் அதன்மேல் கைவைக்க விடமாட்டார். நட்டு கழற்றுவது, பிளக்கைத் துடைப்பது எல்லாம் அவரே. பேசிக்கொண்டேதான் செய்வார். பிலோமி அரிசி களைந்தபடி "ம்" சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் சொன்னதில் ஒன்றும் அவள் காதில் தங்கவில்லை.

ஒருநாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அவர் கையிலிருந்த, பால் விடாத கட்டஞ்சாயா டம்ளர் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவர் அப்படியே சரிந்தார். கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய், உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. "மழை."

தண்ணீர் வேண்டுமென்றாலும் மழை, குளிர்கிறது என்றாலும் மழை, வலிக்கிறது என்றாலும் மழைதான். முதல்நாள் அதைக் கேட்ட பக்கத்து வீட்டுச் சின்னத்தாய், "ஏ பிலோமி, அண்ணனுக்கு மழை வாரது தெரியிது பாரு, காயப்போட்ட துணிய எடுத்துரு" என்று குரல் கொடுத்தாள். பிலோமியும் நம்பிப்போய்த் துணியை எடுத்தாள். வானம் வெளுத்துக் கிடந்தது.

டாக்டர் அவளிடம் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். உள்ளே அவருக்கு எல்லாம் விளங்கும், வாய்க்கு வரும்போதுதான் மாறிப்போகும். ஆமாம் என்று தலையாட்டினால் அது இல்லை என்பதாகவும் இருக்கலாம். எழுதிக்காட்டச் சொன்னாலும் அப்படித்தான். நாள் போகப்போகச் சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. பிலோமி அதற்கும் "ம்" என்றாள்.

பகலில் அவரை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பாள். எதிரே தகரக் கூரைக்குக் கீழே எஸ்டி நின்றது. மாதங்கள் ஓடின. அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு ஒருநாள் இடது கையை நீட்டி, "மழை! மழை!" என்று கத்தத் தொடங்கினார். அவள் ஓடிவந்து வண்டியைப் பார்த்தாள். வண்டி வண்டியாகத்தான் இருந்தது. மறுநாளும் கத்தினார். அதற்கு மறுநாள் நாற்காலியிலிருந்து எழப்பார்த்து, தரையில் விழுந்துவிட்டார்.

"என்னங்க, வண்டிக்கு என்ன? தொடைக்கணுமா? சாக்கப் போட்டு மூடவா?"

துடைத்தாள். மூடினாள். மூடிய சாக்கைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கத்தினார். எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீடியோவில் லிஜி வந்தபோது பிலோமி விஷயத்தைச் சொன்னாள்.

"வண்டி ஓட்டணும்னு அப்பாவுக்கு ஏக்கமா இருக்கும்மா" என்றாள் லிஜி. "இங்க நான் பாக்குற பாபாவும் அப்படித்தான். கார் சாவிய கையில குடுத்தாத்தான் தூங்குவாரு. யாரையாவது வச்சு ஒருதடவ ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தத்தக் கேட்டா மனசு அடங்கும்."

சொல்லிவிட்டு லிஜி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாய் விழுந்த ஒரு கிழவருக்கு அங்கே கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தவள் அவள். இங்கே தன் அப்பாவுக்கு ஊட்ட அவளால் வரமுடியவில்லை. வேலைக்குச் சேரும்போது போட்ட ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை.

வண்டிப்பெரியாறில் பட்டறை வைத்திருக்கும் ஜிபினை பிலோமி வரச்சொன்னாள். நல்ல பையன், கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. கபிரியேலை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வந்தவுடன் அவர் கையைப் பிடித்து, "அண்ணே, நம்ம வண்டிதானே, பாத்துக்கலாம்" என்றான். கபிரியேல் அவன் கையை விடாமல் "மழை, மழை, மழை" என்றார். ஜிபின் பிலோமியைப் பார்த்தான். பிலோமி தரையைப் பார்த்தாள்.

ஜிபின் முதலில் கிக்கரை உதைத்துப் பார்த்தான். எஸ்டியின் கிக்கர் இடது பக்கம். வலது காலை ஊன்றிக்கொண்டு இடது காலால் உதைக்க வேண்டும். நாற்காலியில் இருந்த கபிரியேலின் இடது கால் ஒவ்வொரு உதைக்கும் கூடவே துடித்தது. உதைக்கிற கால் அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. ஊன்றுகிற கால்தான் இல்லை.

வண்டி பேசவில்லை. ஜிபின் பிளக்கைக் கழற்றினான். கரி பிடித்து ஈரமாக இருந்தது. துடைத்து இன்ஜின் தலையில் வைத்து உதைத்தான். நீலமாகப் பொறி வந்தது.

"கரண்டு இருக்கு சேச்சி. கார்புரேட்டர்தான் அடஞ்சிருக்கும். மாசக்கணக்கா நின்ன வண்டியில்ல, பெட்ரோல் வத்திப் பிசினாயிருக்கும்."

கார்புரேட்டரைக் கழற்றி ஒரு தட்டில் வைத்துப் பிரித்தான். அடியில் பழுப்பாகப் பசை படிந்திருந்தது. ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். அதன் நடுவில் மயிரிழை அளவுக்கு ஓட்டை. அது தூர்ந்துபோயிருந்தது. ஊதி, கழுவி, மெல்லிய கம்பி விட்டு எடுத்தான். டேங்கிலிருந்த பழைய பெட்ரோலை அடியில் இருந்த குழாய் வழியாக வடித்துவிட்டு, புதிதாக ஆயில் கலந்து ஊற்றினான். எல்லாவற்றையும் மாட்டி உதைத்தான். கொஞ்சம் இருமியது. மறுபடி உதைத்தான். வண்டி கிளம்பிவிட்டது!

லயம் முழுக்க வெள்ளைப் புகை. சின்னத்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். பிலோமி கணவன் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. காதைச் சாய்த்து எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்தது. ஜிபின் ஆக்சிலேட்டரை முறுக்கினான். ஒருமுறை உறுமிவிட்டு வண்டி நின்றுபோனது.

சற்று ஆறவிட்டு உதைத்தால் கிளம்பியது. கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடியும் நின்றது. சூடானால் காயில் செத்துப்போகும் என்று ஜிபின் காயிலை மாற்றிப் பார்த்தான். கண்டென்சரை மாற்றினான். கார்புரேட்டரை மறுபடி பிரித்தான். ஒவ்வொரு தடவையும் அதே கதை. கபிரியேல் நாற்காலிக் கையில் அடித்தபடி கத்திக்கொண்டே இருந்தார்.

ஜிபின் அவர் முன்னால் வந்து குந்தினான். "அண்ணே, காயிலா?"

தலையாட்டினார்.

"அப்ப பிளக்கா?"

அதற்கும் தலையாட்டினார்.

"உள்ள சீல் போயிருச்சா? இன்ஜின் பிரிக்கணுமா?"

அதற்கும் ஆமாம் என்றே தலை ஆடியது. ஆட்டிய தலையைத் தானே பிடித்து நிறுத்தப்பார்ப்பதுபோல் இடது கையால் கன்னத்தில் அறைந்துகொண்டார். பிலோமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. கபிரியேல் அவள் பிடியை உதறினார். உள்ளங்கையால் தன் வாயையும் மூக்கையும் சேர்த்து இறுக்கிப் பொத்தினார். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. கையை எடுக்கவே இல்லை.

"ஐயோ மாதாவே, மூச்சு முட்டுது! ஜிபினே, ஜீப்புக்குச் சொல்லு!"

நாலுபேர் சேர்ந்து அவரைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். வளைவுக்கு வளைவு அவர் மறுபடி மறுபடி மூக்கைப் பொத்தினார். பிலோமி அந்தக் கையைப் பிரித்து மடியில் அழுத்திக்கொண்டு, ஜெபமாலையின் பாதி மந்திரத்தைச் சொல்லி, மீதியை மறந்து, மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்தார்கள். அவர் பிடுங்கினார். திரும்ப வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சோதித்துப் பார்த்த டாக்டர், சுவாசத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை, ஏதோ பயந்திருப்பார் என்றார். கட்டிலில் படுத்திருந்த கபிரியேல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியது. பிலோமி துடைத்துவிட்டாள். தன் புருஷன் பயந்து அழுவதாகவே அவள் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அவர் வண்டி இருக்கும் பக்கமே திரும்பவில்லை. நாற்காலியை வீட்டுக்குள் சுவரைப் பார்க்கப் போடும்படி சைகை காட்டி, இடது காலால் தள்ளினார். ஜிபின் போனில் கூப்பிட்டு, இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும், சாமான் மதுரையில் கிடைக்குமா என்று பார்க்கிறேன் என்றான். பிலோமி, "இப்ப வேண்டாம்யா, அவரு அதப் பாத்தாலே ஒருமாதிரி ஆகுறாரு" என்றாள்.

லிஜிதான் வேறு ஒரு வழி சொன்னாள். "ஆமாவா இல்லையான்னு கேக்காதீங்கம்மா. அதுதான் அவருக்கு மாறிப்போகுதே. பொருள எடுத்துக் கையில குடுங்க. அவரு அதவச்சு என்ன செய்யிறாருன்னு பாருங்க."

ஒருநாள் மத்தியானம் பிலோமி அவருக்குக் கஞ்சித்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளரில் கொடுத்தால் வலது கடைவாய் வழியாக ஒழுகிவிடும். அதனால் உறிஞ்சிக் குடிக்கிற குழல் வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் குமுளியில் வாங்கி வைத்திருந்தாள். அன்று மூடியை இறுக்கத் திருகிவிட்டாள்போல. அவர் உறிஞ்சினார். கொஞ்சம் வந்தது. மறுபடி உறிஞ்சினார். பாட்டில் வயிறு ஒட்டிப்போய் உள்ளே குழிந்தது. கஞ்சி வரவில்லை.

அவள் பாட்டிலை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, குழிந்த பாட்டிலையே பார்த்தார். பிறகு மூடியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, விரலால் தட்டினார். தட்டிவிட்டு, தன் மூக்கைப் பொத்திக் காட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். ஆனால் இந்தத் தடவை அவர் முகம் சிவக்கவில்லை. உடனே கையை எடுத்துவிட்டார். மறுபடி மூடியைத் தட்டினார். அவள் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பாட்டில் டப்பென்று நிமிர்ந்தது.

"மழை!" என்றார் கபிரியேல். கையைச் சுவருக்கு அந்தப் பக்கம், வண்டி நிற்கும் இடத்துக்கு நீட்டினார்.

பிலோமி பாட்டிலும் கையுமாக எழுந்து போனாள். அவளுக்குத் தெரிந்தவரை வண்டியில் மூடி என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், பெட்ரோல் டேங்கின் மூடி. திறந்தாள். மூடியின் மேல் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் காய்ந்த மண்போல ஏதோ அப்பியிருந்ததைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்தது. குளவி கூடு கட்டுகிற மண்.

அதைக் கையில் வைத்தபடி நின்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு மனுஷன், குளவி மண் கொண்டுவந்து கொண்டுவந்து அடைப்பதை நாள்முழுக்கப் பார்த்திருக்கிறார். எழுந்துபோய் விரட்ட முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, வண்டி ஓடி ஓடி நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜிபின் அதைக் கழற்றி இதைக் கழற்றி நிற்கும்போது, சொல்ல முடிந்த ஒரே வழியில் சொல்லியும் இருக்கிறார். அவள் அவரை ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனாள்.

ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குத்திச் சுத்தம் செய்தாள். பிறகு உள்ளே போய் அவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்து, வண்டியைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

"இதத்தான் சொன்னீங்களாங்க? எனக்கு வெளங்கலையே. மூக்குல மாஸ்க்க வைக்கவிட்டுக் கையையும் பிடிச்சிக்கிட்டேனே."

அவர் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

மலைக்குப் போட்டுப்போகிற ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, அவள் வண்டியில் ஏறினாள். அவர் இடது கையால் காட்டக் காட்ட, பெட்ரோல் குழாயைத் திறந்தாள். கார்புரேட்டரில் இருந்த சின்னப் பொத்தானைப் பெட்ரோல் கசியும்வரை அழுத்தினாள். உதைத்தாள். கிக்கர் திருப்பி அடித்து முழங்காலில் பட்டது. உதைத்தாள். சின்னத்தாய் வந்து, "ஏ, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். உதைத்தாள். மூச்சு வாங்க நின்றபோது கபிரியேல் கையை மெல்ல மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். வேகம் வேண்டாம், முழுசாய் மிதி என்கிறாரா? அப்படி வைத்துக்கொண்டு முழு எடையையும் போட்டு மிதித்தாள். வண்டி கிளம்பியது.

இந்தத் தடவை நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் பிலோமிதான் திண்டாடினாள்.

இரண்டு மூன்று நாள் அவர் அமைதியாக இருந்தார். பிலோமிக்கும் ஒரு தெம்பு வந்தது. வழி கிடைத்துவிட்டது, இனி அவர் சொல்வதெல்லாம் மெதுமெதுவாக விளங்கிவிடும் என்று லிஜியிடம் முதல்முறையாக நீளமாகப் பேசினாள். லிஜி அங்கே அழுதாள், சிரித்தாள்.

பிறகு ஒரு காலையில் கபிரியேல் வேறு எதையோ கேட்கத் தொடங்கினார்.

கையை நெஞ்சில் வைப்பார், அவளைக் காட்டுவார், பிறகு மலைக்குக் கீழே எங்கோ காட்டுவார். நெஞ்சு வலியா? முகத்தில் வலி இல்லை. பொருளை எடுத்துக் கொடுத்தாள். சட்டையைக் கொடுத்தாள், கீழே வைத்துவிட்டார். கோவில் புத்தகத்தைக் கொடுத்தாள், தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். லிஜியின் போட்டோ, மருந்துச் சீட்டு, டிராக்டர் சாவி மாட்டியிருந்த வளையம், கம்பத்து அம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளைச் சொம்பு. வீட்டில் கையில் அகப்பட்டதெல்லாம் அவர் மடிக்கு வந்து திரும்பிப் போனது. மலைக்குக் கீழே இருப்பது பீர்மேடு, வண்டிப்பெரியாறு, குமுளி, கம்பம். எல்லாப் பெயரையும் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதற்கும் முகம் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜிபின் பார்க்க வந்தான். குளவி மண் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "மூடியத் தொறந்து தொறந்து பெட்ரோல பாத்தேன் சேச்சி. மூடியப் பாக்கல." கபிரியேல் வண்டியைக் காட்டினார், தன்னைக் காட்டினார். அவனும் சின்னத்தாயின் புருஷனும் இரண்டு பக்கமும் தாங்கி, ஸ்டாண்டில் நின்ற வண்டியின் மேல் அவரை உட்கார வைத்தார்கள். ஜிபின் பக்கத்தில் நின்றபடியே உதைத்துக் கிளப்பி, விழாமல் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

வண்டி ஓடும் சத்தத்தில் கபிரியேல் பேச ஆரம்பித்தார். மழை இல்லை. ஏதேதோ சத்தங்கள், வார்த்தை என்று சொல்ல முடியாதவை. ஆனால் ஏற்றமும் இறக்கமும் அவருடைய பழைய பேச்சேதான். மேட்டில் நிற்பவரோடு பேசும் தொனி வந்தது. நடுவில் நிறுத்தி அடுத்ததைத் தொடங்கும் விதம் வந்தது. நீளமாகப் பேசினார். பேசி முடித்துக் கடைசியில் குரலை உயர்த்தி, பிலோமியைப் பார்த்து நிறுத்தினார். கேள்வி. பதிலுக்குக் காத்திருந்தார்.

"ம்" என்றாள் பிலோமி.

அது போதவில்லை. அவர் காத்திருந்தார்.

"சரிங்க" என்றாள். "அப்படியே செய்வோம்."

அதுவும் இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"வேண்டாம்னா வேண்டாம். நீங்க சொல்றபடி."

ஜிபின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். இத்தனை வருஷம் அவர் பேசியதற்கெல்லாம் "ம்" போட்டவள், ஒன்றையாவது கூர்ந்து கேட்டிருந்தால் இப்போது எதைப்பற்றிக் கேட்கிறார் என்று பிடிபட்டிருக்குமோ என்று நினைத்தாள். வண்டியின் பக்கத்தில் வந்து அவர் தொடையில் கைவைத்து, "எனக்கு வெளங்கலங்க. என்ன செய்யிறது? எனக்கு வெளங்கல" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. பிறகு இடது கையைக் கீழே விட்டுத் துழாவி, பெட்ரோல் குழாயைத் திருகி அடைத்தார். கார்புரேட்டரில் மிச்சமிருந்தது தீரும்வரை வண்டி ஓடியது. கடைசியில் வேகம் கொஞ்சம் ஏறி, வண்டி தானாக நின்றது.

ஜிபினும் சின்னத்தாயின் புருஷனும் சேர்ந்து அவரை இறக்கினார்கள். பிலோமி நாற்காலியை வெயில் விழும் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.